பெருமாள்புரம் வீட்டுக்கு ஓர் ஆற்றுப் படமும் ஒரு கடல் படமும் வேண்டும்

கல்லிடைக்காரி:

வணக்கம். பாளையங்கோட்டை பெருமாள்புரத்தில் வீடு கட்டிக் குடிவந்து எட்டு மாதம் ஆகிறது. எல்லாக் கணக்கும் முடித்த பிறகு 35,000 ரூபாய் மிச்சம். வீடு கட்டியவர்களுக்குத் தெரியும், மிச்சம் என்பதே அதிசயம். டிவியைப் பெரிதாக்கலாம் என்கிறான் மகன். எனக்கும் வீட்டுக்காரருக்கும் சுவரில் மாட்ட இரண்டு படம் வேண்டும், கையால் வரைந்த படம். அதுவரை ஒரே எண்ணம். என்ன படம் என்று வந்ததும் பிரிந்துவிட்டோம்.

நான் கல்லிடைக்குறிச்சி. கல்யாணம் ஆகும்வரை ஆற்றில் குளிக்காத நாளை விரல்விட்டு எண்ணிவிடலாம். படித்துறையில் நின்றால் அக்கரையில் அம்பாசமுத்திரம், மேற்கே பொதிகை. வெயில் ஏறும் முன்னால் மலை நீலமாக இருக்கும். ஆற்றுக்கு நிறமே இருக்காது, அடியில் கிடக்கிற கல்லின் நிறம்தான் அதன் நிறம். அது எனக்கு நீர்வண்ணத்தில் வேண்டும். எண்ணெய் வண்ணத்தில் நான் பார்த்த ஆறெல்லாம் கெட்டியாக, பாயசம் மாதிரி இருந்தது. என் அபிப்பிராயம்தான், சண்டைக்கு வராதீர்கள்.

அவர் உவரிப் பக்கம். அவருக்குக் கடல். ஆனால் படகு இருக்கக் கூடாது, ஆள் இருக்கக் கூடாது, சூரியன் இருக்கவே கூடாது. "கடல் படம்னா எல்லாவனும் சூரியனக் கொண்டுபோய்த் தண்ணிக்குள்ள எறக்குதான். எங்க ஊர்ல சூரியன் கடல்ல விழாது, பின்னால பனங்காட்டுக்குள்ளதான் விழும்" என்கிறார். இதையெல்லாம் கழித்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று கேட்டேன். "கடல்" என்றார். அவர் சொல்வது அரூப ஓவியம், உருவம் எதுவும் இல்லாத படம் என்று இணையத்தில் தேடித்தான் தெரிந்துகொண்டேன்.

அப்படித் தேடியதில் ஒரு முறை ஏமாந்தும் ஆயிற்று. மூன்று துண்டாக வரும் கேன்வாஸ் கடல், "கையால் வரைந்தது", 4,800 ரூபாய். வந்ததைப் பார்த்தால் மேலே தூரிகைத் தடம் தடவினால் தெரிகிறது, ஆனால் தடம் ஒரு பக்கம் போகிறது, அலை வேறு பக்கம் போகிறது. பிள்ளைகளின் அறிவியல் பெட்டியிலிருந்த லென்ஸை வைத்துப் பார்த்தேன். புள்ளி புள்ளியாக மை. அச்சடித்துவிட்டு மேலே நிறமில்லாத பசையை இழுத்துவிட்டிருக்கிறார்கள். வீட்டுக்காரர் ஒரே பார்வையில் "இது கோவா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்களாம்.

சுவர் விவரம். நான் கணக்கு டீச்சர், அளந்துவிட்டுத்தான் பேசுவேன். ஹாலில் (எங்கள் வீட்டில் பட்டாசல் என்போம், இங்கே சொன்னால் மகன் சிரிக்கிறான்) சோபாவுக்குப் பின்சுவர் 11 அடி, சோபா 7 அடி. எதிரே மேற்கு ஜன்னல், மூன்று மணிக்கு மேல் வெயில் நேராகச் சுவரில் விழும். அங்கே ஆறு மாட்ட ஆசை. சாப்பாட்டு மேஜைப் பக்கம் 6 அடிச் சுவர், அங்கே கடல். அதற்குப் பின்னால் குளியலறை. போன ஐப்பசி மழையில் அந்தச் சுவரில் பெயிண்ட் லேசாகக் கொப்பளித்தது.

நீர்வண்ணம் வெளுத்துவிடும் என்கிறார்களே, உண்மையா? எந்த அளவு வாங்குவது? அரூப ஓவியத்தில் நல்லது கெட்டது எப்படிக் கண்டுபிடிப்பது? திருநெல்வேலியில் இருந்துகொண்டு யாரிடம் வாங்குவது?

ஜங்ஷன்பையன்:

அக்கா, மணிமுத்தாறு அருவியை மழைக்காலத்தில் நானே எடுத்த போட்டோ இருக்கிறது. தருகிறேன். பெரிதாகப் பிரிண்ட் போட்டு மாட்டுங்கள். 1,500க்குள் முடிந்துவிடும். மிச்சத்தில் டிவி.

டவுன் சட்டக்கடை:

தங்கச்சி, படம் இருக்கட்டும், முதலில் சுவரைப் பார்ப்போம். டவுனில் 31 வருஷமாகப் படங்களுக்குச் சட்டம் போடுகிறேன். படம் கெட்டுப்போய் என் கடைக்கு வந்ததில் பாதிக்கு மேல் சுவர் செய்த வேலை.

குளியலறைச் சுவர் ஓதம் காக்கிறது. அதில் காகிதப் படம் எதுவும் வேண்டாம். வாசலில் நின்று சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்வேன். ஈரம் பின்பலகை வழியாக ஏறும், ஆறு மாதத்தில் காகிதத்தில் தேயிலைத் தூள் தெளித்த மாதிரிப் பூசணப் புள்ளி வரும், அந்த ஈரத்துக்கு ராமபாணப் பூச்சி வரும். கேன்வாஸும் அங்கே நிம்மதியாக இருக்காது. சந்தேகமாக இருந்தால் ஓரடிச் சதுரம் பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி அந்தச் சுவரில் மூடிவையுங்கள். இரண்டு மூன்று நாளில் உள்பக்கம் வியர்த்திருந்தால் சுவர் குடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். முதலில் குழாய்க்காரரைக் கூப்பிடுங்கள்.

அடுத்தது சோபாச் சுவர். நீர்வண்ணத்துக்குக் கண்ணாடி போட்டே ஆக வேண்டும். மேற்கு ஜன்னலுக்கு நேர் எதிரே கண்ணாடி போட்ட படத்தை மாட்டினால் சாயங்காலம் ஆறு தெரியாது, ஜன்னல் கம்பிதான் தெரியும். அது பரவாயில்லை என்றாலும் வெயில் இருக்கிறது. சாதாரணக் கண்ணாடி அதை முழுசாகத் தடுக்காது.

வெளுக்குமா என்றால், நிறத்தைப் பொறுத்தது. நானே கடை வாசல் கண்ணாடியில் செய்து பார்த்தேன். பள்ளிப் பிள்ளைகள் வாங்குகிற வண்ணப் பெட்டியில் இருந்து பத்து நிறத்தைக் காகிதத்தில் பட்டையாக இழுத்து, பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி, சித்திரையில் வைத்துப் புரட்டாசியில் எடுத்தேன். ரோஸ் போயே போய்விட்டது. ஊதா சாம்பலாகிவிட்டது. காவி, பழுப்பு, அல்ட்ராமெரின் நீலம் மூன்றும் வைத்த மாதிரியே இருந்தன. மண்ணில் இருந்து வருகிற நிறங்கள் அசையாது. அதனால் ரோஸும் ஊதாவுமாக அந்தி வானம் போட்ட படம் மலிவாகக் கிடைத்தால் யோசியுங்கள். வரைந்தவரிடம் என்ன வண்ணம், வெயில் தாங்குமா என்று கேளுங்கள். நல்ல ஓவியர் இதற்குக் கோபப்பட மாட்டார், டியூபை எடுத்தே காட்டுவார்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் என் கடையில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். கீழ்த்தட்டில் நின்ற படங்களில் அக்ரிலிக் வண்ணத்தில் வரைந்த கேன்வாஸ்களைச் சேறு போகக் கழுவி நிழலில் காயவைத்தோம், சட்டம் மட்டும் மாற்ற வேண்டி வந்தது. அக்ரிலிக் காய்ந்துவிட்டால் பிளாஸ்டிக், தண்ணீருக்குக் கரையாது. நீர்வண்ணம் அப்படியில்லை. அதில் நிறத்தைப் பிடித்து வைத்திருப்பது வேல மரத்துப் பிசின். தண்ணீர் பட்டால் எத்தனை வருஷம் கழித்தும் இளகிவிடும். ஒரு டாக்டர் வீட்டு அகஸ்தியர் அருவி, அருவியே இறங்கி வழிந்து சட்டத்துக்குள் குளமாக நின்றது. இன்னொன்று மவுண்ட் (படத்தைச் சுற்றி வைக்கிற அட்டை) இல்லாமல் கண்ணாடியோடு ஒட்ட வைத்தது, எடுத்தால் பாதிப் படம் கண்ணாடியோடு வந்தது. வேறு கடையில் போட்டது. யார் என்று சொல்ல மாட்டேன்.

ஆகவே மவுண்ட் கட்டாயம். காகிதத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இடைவெளி தருவது அதுதான், அழகு அப்புறம். அமிலம் இல்லாத மவுண்ட் அட்டை கேளுங்கள். சாதா அட்டை என்றால் சாய்வாக வெட்டிய அந்த வெள்ளை ஓரம் நாலைந்து வருஷத்தில் பீடிக் காகித நிறத்துக்கு வந்துவிடும், கூடவே படத்தையும் கெடுக்கும். படத்தை முழுசாகப் பசை தடவி அட்டையில் ஒட்ட யாரையும் விடாதீர்கள். மேல் ஓரத்தில் இரண்டு காகிதப் பட்டியில் தொங்க வேண்டும், அவ்வளவுதான். சட்டத்தின் கீழ் மூலை இரண்டிலும் ரப்பர்ப் பொத்தான் ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று ஓடும். முழுத்தாள் படம் என்றால் மவுண்டோடு 28க்கு 36 அங்குலம் வரும். 2 மில்லிமீட்டர் கண்ணாடியே 3 கிலோவைத் தாண்டும். ஒற்றை ஆணியில் விடாதீர்கள்.

உயரம். நம் ஆட்கள் சாமி படம் மாட்டுகிற உயரத்திலேயே எல்லாப் படத்தையும் மாட்டி, முன்னால் சாய்த்தும் விடுவார்கள். ஆறு என்ன அருளா கொடுக்கப் போகிறது? படத்தின் நடு, தரையில் இருந்து 57 அங்குலத்தில் வரட்டும். சோபாவில் உட்கார்ந்து பார்ப்பது என்றால் இன்னும் கொஞ்சம் இறக்கலாம்.

என் யோசனை, இரண்டையும் இடம் மாற்றுங்கள். சோபாச் சுவரில் கண்ணாடி தேவைப்படாத அக்ரிலிக் கடல். ஆற்றுக்கு வெயில் விழாத சுவர் வேறு தேடுங்கள்.

ஜங்ஷன் தம்பிக்கு ஒரு வார்த்தை. அச்சுப் படத்தைக் கேவலம் என்று நான் சொல்லவில்லை. கோவில்பட்டியில் இருந்துகொண்டு கொண்டையராஜு வரைந்த சாமி படங்கள் சிவகாசியில் அச்சாகி ஊர் ஊராகப் போயின. அவர் 1976இல் காலமானார், இன்றைக்கும் அந்தக் காலண்டர்ப் படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு சட்டம் போட வருகிறார்கள். கை நடுங்க வாங்கி வைப்பேன். அச்சை அச்சு என்று சொல்லி விற்க வேண்டும், அதுதான் விஷயம்.

கல்லிடைக்காரி:

அண்ணாச்சி, பாலிதீன் ஒட்டினேன். இரண்டாம் நாளே வியர்த்துவிட்டது. குழாய்க்காரர் ஞாயிற்றுக்கிழமை வருகிறார். இந்தச் செலவு 35,000இல் இல்லை.

மாடிப்படி ஏறும் இடத்தில் வடக்கு ஜன்னல் ஓரம் 5 அடிச் சுவர் இருக்கிறது. நான் பார்த்தவரை அந்தச் சுவரில் நேர் வெயில் விழுவதில்லை. ஆறு அங்கே போகலாம். ஹாலில் கடல், மாடிப்படியில் ஆறு என்று நேற்று அறிவித்தேன். வீட்டுக்காரர் ஒன்றும் பேசாமல் பேப்பரை உயர்த்திப் பிடித்துக்கொண்டார். பின்னால் சிரிக்கிறார் என்று தெரியும்.

கூடுதாழைக்கரை:

அக்கா, உங்கள் வீட்டுக்காரர் சொல்வதை முழுக்க ஆதரிக்கிறேன். நானும் அந்தக் கரைதான், இப்போது சென்னையில் வேலை. கடைகளில் விற்கும் கடல் படத்தில் மணல் மஞ்சளாக இருக்கும். நம் கரையில் மணல் எங்கே மஞ்சள்? கார்னெட், இல்மனைட் என்ற தாதுக்கள் கலந்து சிவப்பும் கறுப்புமாக, அலை இழுத்துப்போன இடமெல்லாம் வரிவரியாகக் கிடக்கும். அலை உடைகிற இடத்தில் தண்ணீர் நீலமும் கிடையாது. கச்சான் (மேல்காற்று) அடிக்கிற மாதங்களில் ஈயத் தகடு மாதிரி இருக்கும், ஓரத்தில் கலங்கல். கொண்டல் (கீழ்காற்று) நேரத்தில் வேறு முகம். வாடை விழுந்து தெளிந்த பிறகு பச்சை. அப்பா கரையில் நின்று நிறத்தைப் பார்த்தே நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், எந்தப் பக்கம் என்று சொல்வார்.

அரூபப் படத்தை நான் பார்ப்பது இப்படித்தான். படகு, மரம், அடிவானம் எதுவும் இல்லாவிட்டாலும், இது எந்தக் காற்றுக் கடல் என்று கேட்டால் படத்தில் இருந்து ஒரு பதில் வர வேண்டும். எந்த மாதமும் இல்லாமல் வெறும் நீலம், வெள்ளை, நடுவில் தங்கத் துகள் என்று இருந்தால் அது சோபா உறைக்குப் பொருத்தமாகச் செய்தது. அப்படி வாங்குவது தப்பில்லை, ஆனால் அதற்கு 20,000 கொடுக்க வேண்டாம்.

கையால் பார்க்க முடிந்தால் பக்கவாட்டு ஓரத்தைப் பாருங்கள். நிறைய அடுக்குப் போட்டு, சுரண்டி, மறுபடி போட்ட படத்தில் ஓரத்தில் பழைய நிறங்கள் எட்டிப் பார்க்கும். ஒரே மூச்சில் முடித்த படத்தில் அது இருக்காது. ஒரே மூச்சில் நல்ல படம் வராதா என்றால் வரும், ஆனால் அபூர்வம். இன்னொன்று, ரெசின் என்ற செயற்கைப் பிசினை ஊற்றி அலை மாதிரி நுரை வரச் செய்யும் படங்கள் இப்போது நிறைய வருகின்றன. பளபளவென்று இருக்கும். ரெசின் வெயிலில் மஞ்சளடிக்கும். உங்கள் மேற்கு ஜன்னலுக்கு எதிரே கண்டிப்பாக வேண்டாம்.

கண்ணுக்குப் பழக்கம் வேண்டும் என்றால் மும்பை ஓவியர் ஜஹாங்கீர் சபாவாலாவின் கடல் படங்களை இணையத்தில் பாருங்கள். நாம் வாங்குகிற விலையில் இல்லை, பார்ப்பதற்குக் காசா? கடலையும் வானத்தையும் பட்டை பட்டையாக மடித்து வைத்த மாதிரி இருக்கும். வீட்டுக்காரரிடமும் காட்டுங்கள், எதற்கு முகம் மாறுகிறது என்று கவனியுங்கள். சென்னை வரும்போது ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்குப் போங்கள். 1966இல் கே. சி. எஸ். பணிக்கர் முன்னின்று தொடங்கிய இடம். கேலரியில் நடந்தே இரண்டு மணி நேரம் போகும். எழும்பூர்ப் பக்கம் 1850இல் தொடங்கிய அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது, படிக்கிற பிள்ளைகள் கண்காட்சி வைக்கும்போது போனால் நம் கைக்கு எட்டுகிற விலையில் நல்ல படம் கிடைக்கும்.

தொலைவில் இருந்து வாங்கினால் போட்டோவை நம்பாதீர்கள், போனுக்குப் போன் நீலம் மாறும். விளக்குப் போடாமல், காலை வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தாள் வெள்ளையாகத் தெரிந்தால்தான் கடலின் நிறம் சரி. சட்டத்தோடு பார்சல் வேண்டாம். படத்தின் முகம் வெளியே இருக்கும்படி சுருட்டிக் குழாயில் வரட்டும், அண்ணாச்சி கடையில் இழுத்துக் கட்டிக்கொள்ளலாம்.

அளவு கேட்டிருந்தீர்கள். 7 அடி சோபாவுக்கு நாலரை, ஐந்து அடி அகலம் பார்க்க நிறைவாக இருக்கும். மூன்று துண்டு, ஐந்து துண்டு என்று போகாதீர்கள். கடலை எதற்கு வெட்ட வேண்டும்?

மருதமரத்தடி:

நான் ஆற்றங்கரையில் உட்கார்ந்து வரைகிறவன். முழுநேரம் இல்லை, சனி ஞாயிறு. சேரன்மாதேவி, திருப்புடைமருதூர், அம்பை என்று ஸ்கூட்டரில் போவேன்.

நீர்வண்ணம் வாங்குகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது காகிதம். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனமுள்ள முழுப் பருத்திக் காகிதம் என்றால் தண்ணீரைத் தாங்கும், வருஷக்கணக்கில் மஞ்சளாகாது. ஓவியர்கள் வரைவது முழுத்தாள், அரைத்தாள், கால்தாள் என்ற கணக்கில். முழுத்தாள் 22க்கு 30 அங்குலம், அரைத்தாள் 15க்கு 22. விலையும் அந்தக் கணக்கில்தான் ஏறும். மாடிப்படிச் சுவருக்கு அரைத்தாள் போதும், நெருங்கி நின்று பார்க்கிற இடம். நீர்வண்ணமே நெருங்கிப் பார்ப்பதற்கு உள்ளதுதான்.

கையால் வரைந்ததா என்று லென்ஸ் இல்லாமலும் தெரியும். சொரசொரப்பான காகிதத்தில் அல்ட்ராமெரின் போட்டால் அதன் துகள் பள்ளங்களில் போய்ப் படிந்து, மணல் தெளித்த மாதிரி நிற்கும். வண்ணத்துக்கு அடியில் எங்காவது ஒரு பென்சில் கோடு தெரியும். காகிதத்தைச் சாய்த்துப் பிடித்தால் ஈரத்தில் லேசாக அலைந்த இடம் தெரியும். பின்பக்கம் இடமும் தேதியும் எழுதியிருந்தால் இன்னும் நல்லது.

ஆற்றின் மினுமினுப்பைப் பாருங்கள். நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது வண்ணமில்லை, தொடாமல் விட்ட காகிதம். கல்லில் தண்ணீர் உடைகிற இடத்தில் வெள்ளைப் பெயிண்ட் அப்பியிருந்தால் அவர் விடத் தவறியிருக்கிறார், பிறகு மூடியிருக்கிறார். ஒன்றிரண்டு இடத்தில் எல்லோரும் செய்வோம். ஆறு முழுக்க அப்படி என்றால் அந்தப் படம் வேண்டாம்.

அப்புறம், பருவம். கடலுக்குக் காற்று என்றால் ஆற்றங்கரைக்கு வயல். கார், பிசானம் என்று இங்கே இரண்டு நெல் பருவம். கார் நடவுப் பச்சையா, பிசான அறுவடை மஞ்சளா? மழை வெள்ளத்தில் செம்மண் கரைந்து வருகிற ஆறா, பங்குனியில் கல் தெரிகிற ஆறா? நீங்கள் சொன்ன "அடியில் கிடக்கிற கல்லின் நிறம்" பங்குனி ஆறு. வரையச் சொல்லிக் கொடுப்பதாக இருந்தால் ஓவியரிடம் போட்டோவைக் கொடுக்காதீர்கள். இடத்தையும் நேரத்தையும் சொல்லுங்கள். போட்டோ கொடுத்தால் போட்டோவைத்தான் வரைவார். தாமிரபரணி என்று சொல்லி ஆலப்புழைக் காயலை விற்றதை நான் பார்த்திருக்கிறேன், கரை ஓரம் முழுக்கத் தென்னை. மருத மரம் ஒன்று கூட இல்லை.

இடத்துக்கே வந்து வரைவது இங்கே புதிதில்லை. இங்கிலாந்து ஓவியர் தாமஸ் டேனியலும் அவருடைய உடன்பிறந்தார் மகன் வில்லியமும் 1792இல் இந்தப் பக்கம் சுற்றிப் பாபநாசம் அருவியை வரைந்தார்கள். ஊர் திரும்பியதும் செம்புத் தகட்டில் அமிலத்தால் பொறித்து, அச்சிட்டு, நிறம் தீட்டி விற்றார்கள். அதனால் அண்ணாச்சி சொன்னதுதான், அச்சு என்பது ஏசுகிற வார்த்தை இல்லை. ரோடு இல்லாத காலத்தில் அந்த ஏற்றத்தில் எப்படிச் சாமான்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள் என்றுதான் எனக்கு ஆச்சரியம். எனக்கு ஸ்கூட்டரிலேயே மூச்சு வாங்குகிறது.

நெல்லையில் வாங்க ஓவிய ஆசிரியர்களிடம் விசாரியுங்கள். பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறீர்கள், உங்கள் டிராயிங் மாஸ்டரைக் கேட்டாலே நாலு பேரைச் சொல்வார்.

கல்லிடைக்காரி:

நாலு மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். பரீட்சை, பேப்பர் திருத்தம், குழாய் வேலை.

டிராயிங் மாஸ்டர் இரண்டு பேரைச் சொன்னார். ஒருவர் வீட்டுக்குப் போனேன். வரையச் சொல்லிக் கொடுக்கத்தான் போனது. அவர் பீரோ மேலிருந்து ஒரு கட்டை இறக்கி வைத்தார், பழைய படங்கள். ஒன்பதாவதோ பத்தாவதோ புரட்டும்போது கை நின்றுவிட்டது. எங்கள் படித்துறை இல்லை, இரண்டு வளைவு கிழக்கே எங்கேயோ. ஆனால் அந்தத் தண்ணீர். நிறமே போடாமல் அடிக்கல்லை மட்டும் போட்டிருக்கிறார். வலது மூலையில் ஒரு சொட்டு விழுந்து காய்ந்த கறை. அதற்காக விலையைக் குறைப்பதாக அவரே சொன்னார். அரைத்தாள், 9,000 ரூபாய். மருதமரத்தடி சொன்ன மாதிரி பின்பக்கம் திருப்பினேன், "பங்குனி" என்று எழுதியிருந்தது. டவுன் அண்ணாச்சி சட்டம் போட்டுக் கொடுத்தார், கறையை மவுண்டுக்குள் மறைக்கவா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். 2,600. எனக்கென்று குறைக்கவெல்லாம் இல்லை. நானும் கேட்கவில்லை.

கடலுக்குத்தான் அலைந்தோம். சென்னையில் கல்யாணத்துக்குப் போனபோது மூன்று இடம் பார்த்தோம், வீட்டுக்காரர் எதிலும் நிற்கவில்லை. கடைசியில் ஒரு பெண் ஓவியர், வீடியோ காலில். நாலரை அடிக்கு மூன்று அடி, சாம்பலும் கறுப்புமாக, கீழே துருப்பிடித்த மாதிரி ஒரு சிவப்பு வரி. வெள்ளைத் தாளைப் பக்கத்தில் பிடித்துக் காட்டச் சொன்னேன். இவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இது எந்த மாசம்மா?" என்று கேட்டார். அந்தப் பெண் கொஞ்சம் யோசித்து, "ஆடிங்க" என்றார். "அனுப்பச் சொல்லு" என்று எழுந்துவிட்டார். விலையைக் கூடக் கேட்கவில்லை. 21,000. இழுத்துக் கட்ட மரச்சட்டம் தனி. ஆக, பட்ஜெட் குழாய்க்காரரோடு சேர்த்து உடைந்தது.

போன வாரம் மாமியார் ஊரில் இருந்து வந்திருந்தார்கள். சோபாவில் உட்காராமல் எதிரே நின்று முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்கள். நாங்கள் யாரும் இது கடல் என்று சொல்லவில்லை. "இன்னைக்கு ஒருத்தரும் கடலுக்குப் போயிருக்க மாட்டாவ" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டார்கள்.

அந்த மூன்று துண்டு கோவா கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. யாருக்காவது வேண்டுமானால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். ஜங்ஷன் தம்பிக்கு முன்னுரிமை.